சிறுகுறிஞ்சானும் சாயங்கால டீயும்

கசப்பை மறைப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. கம்பத்துக்கு வெளியே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்ன யூனிட்டில் நான் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்தவள். பல வருடம் ஸ்குவாஷும் ஜாமும் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தோம். பிறகு பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனியின் ஆட்கள் வந்தார்கள். சிறுகுறிஞ்சான் சாற்றுப் பொடி சேர்த்த மிட்டாய் வேண்டும் என்றார்கள். டப்பாவின் மேலே கம்மீஸ் என்றும், அதற்குக் கீழே மெட்டபாலிக் வெல்னஸ் என்றும் அச்சடிப்பார்களாம். எங்கள் யூனிட்டில் யாரும் அப்படியெல்லாம் சொல்வதில்லை. எங்களுக்கு அது ஜெல்லி மிட்டாய்.

சிறுகுறிஞ்சான் ஒரு வேலிக்கொடி. சர்க்கரைக்கொல்லி என்று சொன்னால் இன்னும் நிறையப் பேருக்குத் தெரியும். அதன் இலையை மென்று துப்பிவிட்டு ஒரு கை சீனியை வாயில் போட்டால் மணலைப் போட்டதுபோல இருக்கும். யூனிட்டில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு இந்த வித்தையை நான்தான் செய்து காட்டுவேன். அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

வேடிக்கை பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மிட்டாய் செய்யும்போதுதான் அதன் வில்லங்கம் புரியும். கசப்பை மறைக்க இனிப்பைப் போடுகிறோம். மென்ற கொஞ்ச நேரத்தில் அந்தச் சாறு நாக்கிலிருந்து இனிப்பையே எடுத்துவிடுகிறது. போட்ட சீனி அத்தனையும் தண்டம். வாயில் மிஞ்சுவது கசப்பும், ரப்பரை மெல்கிற மாதிரி ஒரு சவசவப்பும்தான். முதலாளி, "இன்னுங் கொஞ்சம் சீனியப் போட்டுப் பாருங்களேன்," என்றார். சுகருக்குப் பயந்தவர்கள் வாங்கித் தின்னப்போகும் மிட்டாயில் சீனியை ஏற்றிக்கொண்டே போவதா என்று நான் சண்டை பிடித்தேன். அவர் பாவம், வாயை மூடிக்கொண்டார்.

வழி வேறு பக்கத்தில் இருந்தது. அந்தச் சாறு இனிப்பைத்தான் கொல்லுமே தவிர, புளிப்பை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால் சீனியைக் குறைத்தேன். நம்ம ஊர்ப் பன்னீர்த் திராட்சையைக் காய்ச்சிக் குறுக்கி, எலுமிச்சை உப்பும் ஒரு சிட்டிகை கல்லுப்பும் சேர்த்து, புளிப்பு முன்னால் நிற்கும்படி செய்து பார்த்தேன். சரியான அளவு பிடிபடுவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. ஒருநாள் பொடி கூடும், ஒருநாள் புளிப்பு பல்லைக் கூசவைக்கும்.

யூனிட்டுக்குள் பாகு கொதிக்கிற வாசம் மூக்கிலும் தொண்டையிலும் அப்பிக் கிடக்கும். அங்கே ருசி பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் அன்றன்றைக்குப் போட்டதில் சிலவற்றை டப்பாவில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். முகம் கழுவி, வாய் கொப்பளித்து, பின்வாசல் படியில் உட்கார்ந்து ஒன்றை மெல்லுவேன். புளிப்பு எப்போது வருகிறது, கசப்பு எந்த இடத்தில் எட்டிப் பார்க்கிறது, தொண்டையில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கவனிப்பேன். அது முடிந்ததும் எழுந்துபோய் டீ போடுவேன்.

அந்த டீ எனக்கும் என் வீட்டுக்காரருக்கும். அவர் ஜீப் ஓட்டினவர். விடியுமுன் கம்பத்தில் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டிக்கொண்டு இறங்குவார். பாதி நாள் மலையாளத்தில் பேசிப் பேசி, எதற்கெடுத்தாலும் "சாரமில்ல" என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. பரவாயில்லை என்று அர்த்தம். டயர் வெடித்தாலும் சாரமில்லதான், குழம்பில் உப்பு கூடினாலும் சாரமில்லதான். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. வலது கண்ணில் முற்றிப்போய், ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. ஜீப்பைத் தார்ப்பாய் போட்டு மூடி முற்றத்தில் நிறுத்திவிட்டார்.

ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று தேனியில் டாக்டர் சொன்னார். ஆனால் அவருக்குச் சுகர் இருந்தது. அது இறங்கினால்தான் கத்தி வைப்போம் என்றும் சொன்னார். மாத்திரையை நான் எடுத்துக்கொடுத்து விழுங்கவைத்தேன். சோற்றைக் குறைத்தேன். இந்த மிட்டாய் ஒன்றை அவர் கேட்டபோதுகூட, மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் இதையெல்லாம் தொடக்கூடாது என்று டப்பாவைப் பிடுங்கி வைத்தேன். டீ விஷயத்தில் மட்டும் ஒரு சமாதானம் செய்துகொண்டோம். சீனியே இல்லாவிட்டால் கஷாயம் என்று ஒதுக்கிவிடுவார். ஆகவே இனிப்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குப் போடுவேன். அதற்குக் கரண்டிக் கணக்கெல்லாம் கிடையாது. பகல் முழுவதும் கிராம் கிராமாக நிறுத்துவிட்டு வருகிறவள் வீட்டிலும் தராசைப் பிடித்தால் பைத்தியம்தான் பிடிக்கும். கையால் அள்ளிப் போடுவேன், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பேன், போதாவிட்டால் இன்னும் கொஞ்சம்.

வாசிக்கிறவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குத்தான் புரியவில்லை. சர்க்கரைக்கொல்லி யூனிட்டுச் சமாச்சாரம், டீ வீட்டுச் சமாச்சாரம் என்று தலைக்குள் நடுவில் ஒரு சுவர் இருந்திருக்கிறது.

டாக்டரிடம் போனால் சுகர் இறங்கவில்லை. அடுத்த மாதம் வாருங்கள் என்றார். அடுத்த மாதம் போனால் முன்பைவிடக் கூடியிருந்தது. வீட்டில் சீனி டப்பா சீக்கிரம் சீக்கிரமாகக் காலியானது. நான் கணக்குப் போட்டேன். வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் எடுக்கவில்லை.

"உண்மையச் சொல்லுங்க. நான் இல்லாத நேரத்துல சீனிய அள்ளித் திங்கிறீகளா?"

"நான் எங்க திங்கிறேன்?"

"பெறகு சீனி எங்க போகுது? எறும்பா தூக்கிட்டுப் போகுது?"

"சாரமில்ல, விடு," என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார். குற்றவாளி அகப்பட்டுக்கொண்டான் என்றுதான் நான் நினைத்தேன். டப்பாவைப் பருப்புத் தூக்குவாளிக்குப் பின்னால் மேல் தட்டில் ஒளித்துவைத்தேன். அப்போதும் குறைந்தது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எப்படித்தான் ஏறி எடுக்கிறாரோ என்று எனக்கு ஆச்சரியம் வேறு. இதற்கிடையில் என் ரவிக்கைகளும் ஒவ்வொன்றாக இறுக்கிப் பிடித்தன. வயசாகிறது என்று அதற்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் தெருவில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் நிறைய. போகிற வருகிற போதெல்லாம் வாசலில் நின்று விசாரிப்பார்கள். "அண்ணே, எப்ப வண்டிய எடுப்பீக? இப்ப ஓட்டுறவன் வளைவுல ஒடிக்கிற ஒடிப்புல வயித்தக் கலக்குது. உங்க கை யாருக்கும் வராதுண்ணே." அவர் சிரித்து வைப்பார். பதிலை நான்தான் சொல்வேன். "கண்ணச் சரி பண்ணிட்டா மறுநாளே எடுத்துருவாக ஆத்தா." அதைச் சொல்லும்போது எனக்கே தெம்பாக இருக்கும்.

அப்போது யூனிட்டில் பாய்லர் பழுதாகிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து ஏதோ ஒரு பாகம் வரவேண்டும் என்று வேலையை நிறுத்திவிட்டார்கள். நான் வீட்டில் இருந்தேன். மிட்டாய் டப்பா இல்லை, பின்வாசல் படியில் உட்காரும் வேலையும் இல்லை. முதல் நாள் சாயங்காலம் டீயைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"இந்தா, எம்மேல எதும் கோவமா?"

"எனக்கென்ன கோவம்?"

"சாரமில்ல," என்று மீதியைக் குடித்தார். அந்த வாரம் முழுவதும் ஆள் சுரத்தாக இல்லை. கண்ணை நினைத்துத்தான் கவலைப்படுகிறார் என்று இரக்கப்பட்டு, "சீக்கிரம் பண்ணிரலாம், வண்டி எடுத்துரலாம்," என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். அதற்கும் முகம் தெளியவில்லை.

பாய்லர் சரியாகி வேலை தொடங்கிய அன்று, சுருளிப்பட்டியிலிருந்து என் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் தங்கச்சி, ஒரு பை திராட்சையோடு வந்து இறங்கினாள். அவளுக்கு மனதில் ஒன்று வாயில் ஒன்று கிடையாது. நான் வழக்கம்போலப் பின்வாசலில் மிட்டாயை மென்றுவிட்டு மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தேன். ஒரு வாய் உறிஞ்சியவள் டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"என்ன மதினி, டீ கேட்டா பாயசத்தக் குடுக்குறீக? சுகர்க்கார மனுசனுக்கு இதையா குடுத்துக்கிட்டு இருக்கீக?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என் டம்ளரை எடுத்துக் குடித்தேன். எனக்கு அது சந்தேக இனிப்புதான். அவள் முகத்தைப் பார்த்தேன். பின்வாசலில் கிடந்த மிட்டாய் டப்பாவைப் பார்த்தேன். நடுவில் இருந்த சுவர் அப்போதுதான் விழுந்தது. ஊருக்கெல்லாம் வித்தை காட்டுகிறவள், மாதக்கணக்கில் என் நாக்கை நானே கொன்றுவிட்டு, அந்த நாக்கால் அளந்து, சுகர்க்காரருக்குச் சீனியை ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். பாய்லர் நின்ற வாரம் மட்டும்தான் அவருக்குச் சரியான டீ கிடைத்திருக்கிறது. நாத்தனாரிடம் விவரம் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரோடு எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது ஜீப்புக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு போய்க் கோபம் வந்திருந்தது. என் நாக்கு செத்ததென்றால் அவர் நாக்குக்கு என்ன?

"இனிப்புன்னு தெரிஞ்சுதான குடிச்சீக?"

"தெரிஞ்சுதான்."

"திருடித் திங்கிறீகன்னு நான் பேசுனப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"மொதல்ல, நீ மனசு எரங்கிப் போடுறேன்னு நெனச்சேன். சொன்னா நிப்பாட்டிருவியோன்னு..."

"அது மொத மாசம். சுகர் ஏறியிருக்கு, ஆப்பரேசன் இப்ப முடியாதுன்னு டாக்டர் சொன்னாகள்ல. அப்பறமும் ஏன் குடிச்சீக?"

தார்ப்பாயின் ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"கடைசியா வண்டி ஓட்டுன அன்னைக்கு, மெட்டுல பாதி ஏறியாச்சு. மேகம் எறங்கிக் கெடந்துச்சு. எதுக்க ஒரு பஸ் வந்துச்சு. அந்த லைட்டு அப்பிடியே கண்ணாடி பூராம் பரவிருச்சு. ரோடு எது, ஓரம் எதுன்னு தெரியல. பின்னாடி பொம்பளைக எல்லாம் பேசிச் சிரிச்சுக்கிட்டு வாராக. பிரேக்க மிதிச்சு அங்கனயே நிப்பாட்டிட்டு, எறங்கி டீ குடிங்கன்னேன். அங்கன டீக்கடையே இல்ல. அண்ணனுக்குக் கிறுக்குப் பிடிச்சுருச்சுன்னு அதுக்கும் சிரிச்சாக. நான் எறங்கிப் பாத்தேன். டயருக்கும் பள்ளத்துக்கும் நடுவுல ஒரு மொழம் இல்ல."

இதை அவர் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. கண் மங்குகிறது என்று மட்டும்தான் எங்களிடம் சொல்லி வண்டியை நிறுத்தியிருந்தார்.

"இனிமே என்னால அதுல ஏற முடியாது. சாவிய எடுத்தாலே அந்தப் பள்ளந்தான் கண்ணுக்குள்ள நிக்குது. கண்ணு நல்லாயிருச்சுன்னா மறுநாளே எல்லாரும் வந்து நிப்பாக. அவுகளுக்கு என்ன சொல்லட்டும்? கண்ணு தெரியலைன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக."

வாசலில் நின்று அந்தப் பெண்களுக்கு நான் சொன்ன பதில்தான் எனக்குள் கேட்டது. கண்ணைச் சரி பண்ணிட்டா மறுநாளே வண்டி. ஆறுதல் என்று நினைத்து, இரண்டையும் ஒரே மூச்சில், அவர் காதுபடத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். கோபம் போன இடம் தெரியவில்லை. படியில் உட்கார்ந்தேன்.

"ஆப்பரேசன் உங்க கண்ணுக்கு," என்றேன். "ஜீப்புக்கு இல்ல."

அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். அவ்வளவு பெரிய மனிதர், எத்தனையோ வருடம் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டார்.

"அப்ப, வண்டி எடுக்காட்டியும் பண்ணிக்கிறலாமா?"

பண்ணிக்கலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை முந்திக்கொண்டது.