ஏழு தடவை அழுத்தினேன்

விடிகிற நேரத்தில் யாரோ ஒரு நீச்சல் வீராங்கனையின் வீட்டு மாடிப்படியில் நின்று, கைக்கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருப்பார் என் அண்ணி. ஆறு அடிக்க நான்கு நிமிடம் இருந்தால் அந்த நான்கு நிமிடமும் நிற்பார். வருகிறேன் என்று முன்கூட்டிப் போன் செய்யக் கூடாது என்பது விதி.

ஊக்கமருந்துச் சோதனை அதிகாரி வேலை அவருக்கு. உலகப் போட்டிகளில் ஓடுகிற, நீந்துகிற, பளு தூக்குகிற பெரிய ஆட்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் அண்ணி போய், பாத்ரூமுக்குள்ளும் கூடவே நின்று சிறுநீர் வாங்கி, சீல் வைப்பார். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை ஆள் அகப்படாவிட்டால் இரண்டு வருடம் தடை. எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இதே சட்டம்தான்.

வீட்டிலும் சட்டம் தளராது. அண்ணன் முடிவெட்டப் போனால்கூட, "எத்தனை மணிக்கு வருவீங்க? கரெக்டா சொல்லுங்க" என்பார். மூடி திறந்த தண்ணீர் பாட்டிலைத் தொடமாட்டார். விருந்தாளி யாராவது பாத்ரூமுக்கு எழுந்தால் இவரும் பாதி எழுந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நாங்கள் சிரித்து மாளாது. இப்போது அவ்வளவு சிரிப்பதில்லை.

மூன்று வருடம் முன்பு ஓட்டக்காரி ஒருத்தியின் வாசலில் மணியை அழுத்தினார். ஏற்கெனவே இரண்டு முறை தவறவிட்டவள் அவள். உள்ளேயிருந்து மணிச் சத்தம் வரவில்லை என்பது அண்ணிக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அழுது ஓய்ந்து அப்போதுதான் அடங்கியிருந்தது. கதவைத் தட்ட மனம் வரவில்லை. ஒரு மணி நேரம் நின்று, அறிக்கை எழுதிவிட்டுத் திரும்பினார். உள்ளே அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். மணி பழுது.

மூன்றாவது தவறு என்று விழுந்த தடையை எதிர்த்து, வெளிநாட்டில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றத்துக்கு அவள் மேல்முறையீடு செய்தாள். வக்கீல் இல்லை, தானே வாதாடினாள். கணினித் திரையில் அண்ணி சாட்சி.

"மணிச் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சாக்கா?" என்று கேட்டாள்.

"ஏழு தடவை அழுத்தினேன்" என்றார் அண்ணி.

மொழிபெயர்ப்பாளர் அப்படியே பெயர்த்தார். மன்றத்துக்கு அது போதுமாக இருந்தது. தடை உறுதியானது, உலகப் போட்டி அந்த இரண்டு வருடத்துக்குள் வந்து போய்விட்டது.

"'கேக்கலை'ன்னு ஒரே ஒரு வார்த்தை. தட்டாம வந்தது என் தப்புன்னு ஆயிடுமேன்னு பயந்துட்டேன். வாய் வரலடி" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம்தான். ஆனால் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க, எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்போது பாவமாகவும் இருக்கிறது.

தடை முடிந்து அவள் மறுபடி ஓடுகிறாள். கால் முன்போல் இல்லை என்கிறார்கள். போன மாதம் அண்ணியின் பட்டியலில் அவள் பெயர் வந்தது. ரத்தம் எடுக்கக் கூடப் போன நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆறு மணிக்குக் கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் நாற்காலி போட்டு, போர்வை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தினமும் அப்படித்தானாம்.

"குளிர்ல எதுக்கும்மா வெளிய உக்காந்திருக்கே?" என்றாள் நர்ஸ்.

"உள்ள இருந்தா கேக்காதுக்கா" என்றாள், சாதாரணமாக. பிறகு அண்ணிக்கும் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். "உக்காருங்கக்கா. எனக்கு யூரின் வர்றதுக்கு நேரமாகும்."

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அண்ணி நின்றுகொண்டே இருந்தார்.