பின்பாதி எங்களுடையது

என் சமையலறை ரேடியோவில், எண்கள் ஓடும் கண்ணாடிக்கு மேல் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கிறது. நகப்பூச்சால் வைத்த பொட்டு. இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரத்து லிபெர்த்தாப் பகுதியில் நான் ஒரு வீட்டோடு தங்கி வேலை செய்த தொண்ணூறுகளில், வீட்டுக்காரியான சிஞ்ஞோரா எறியச் சொன்ன போத்தலின் அடியில் மிஞ்சியிருந்த துளியைத் தொட்டு மன்னார் அக்கா அதை வைத்தார். "முள்ளு இதிலை நிக்கோணும் பிள்ளை. அங்காலை போனா பாட்டுக்காரன், இஞ்சாலை போனா பந்தடிக்காரன். நடுவிலை நான்" என்றார். அந்தப் பொட்டில் இன்று வேறு குரல்கள் கேட்கின்றன. ஆனால் பொட்டை நான் சுரண்டவில்லை. சுரண்டப் போவதுமில்லை.

மன்னார் அக்கா எனக்கு உறவில்லை. நான் வேலை செய்த கட்டடத்திலேயே மேல்மாடியில், படுக்கையில் கிடந்த ஒரு முதியவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்தோலிக்கர், நான் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். படிக்கட்டில் முதன்முதல் கண்டபோது அவர் கேட்டது என் ஊரையோ சமயத்தையோ அல்ல. "உன்ரை சமைக்கிற குசினியிலை ரேடியோ இருக்கோ?" என்றுதான் கேட்டார்.

வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோவிலின் பின்னறையில் அப்போது ஒரு சிறிய வானொலி நடந்தது. நகரத்தைத் தாண்டிக் கேட்காது. கோவிலின் பாதர் தமிழர்களுக்கென்று மதியத்துக்குப் பிறகு அரை மணி நேரம் கொடுத்திருந்தார். சிஞ்ஞோராக்கள் சாப்பிட்டுவிட்டுச் சாய்கிற, நாங்கள் சட்டி பானை கழுவுகிற நேரம். அக்கா முதியவரின் மகளை அவருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் செபமாலை சொல்லுவார். இடையிடையே ஊர்ப் புதினமும் செபமாகவே வரும். "வதிவிடப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க நாளைக்குக் குவெஸ்தூராப் பொலிசுக்குப் போற பிள்ளையளுக்காக மன்றாடுவோம். அவையள் போட்டோ கொண்டுபோக மறக்காமலிருக்கவும் மன்றாடுவோம்" என்பார். ஒருமுறை, மரியாதையாக நடத்தாத ஒரு வீட்டுக்காரியின் மனம் மாறவும் மன்றாடினார். தெருப் பெயரையும் கட்டட இலக்கத்தையும் சேர்த்தே சொன்னார். அந்த வீட்டுக்கு அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் யாரும் வேலைக்குப் போகவில்லை.

செபமாலையில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் இரண்டு பாதி. முன்பாதியை ஒருவர் தொடங்க, கூடியிருப்பவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிப்பார்கள். பின்னறையில் அக்காவோடு கூடியிருக்க யாருமில்லை. நாங்கள் எல்லாரும் அங்கங்கே சமையலறைகளில் நின்றோம். ஆகவே அவர் முன்பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். நாங்கள் பின்பாதியைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார். அந்த நேரத்தில் ரேடியோவில் ஒன்றுமே கேட்காது. பின்னறைச் சன்னல் திறந்திருந்தால் சந்தை மீன்காரரின் கூவல் மட்டும் தூரத்தில் கேட்கும்.

கருவிகளுக்குப் பொறுப்பாக இருந்த பலேர்மோக்காரருக்கு இது பெரிய வேதனை. விரல்களைக் குவித்து ஆட்டிக்கொண்டு, உன் நிகழ்ச்சியில் பாதி வெறுமை, கேட்கிறவர்கள் ரேடியோ பழுதென்று நினைத்துத் தட்டப் போகிறார்கள் என்று சண்டைக்கு வருவாராம். "தட்டினாத் தட்டட்டும், செபம் சொல்லாதவைதான் தட்டுவினம்" என்று அக்கா திருப்பிக் கொடுப்பாராம்.

அந்த வெறுமையில்தான் நான் இருந்தேன். நான் கூச்சக்காரி. நாள் முழுவதும் "சீ, சிஞ்ஞோரா" என்பதைத் தவிர வேறு சொல் வாயில் வராத வீடு அது. ஈரக்கையோடு நின்று, உள்ளே படுத்திருக்கும் சிஞ்ஞோராவுக்குக் கேட்காமல், கிசுகிசுப்பாக நான் அந்தப் பின்பாதியைச் சொன்னேன். என் சமயத்துச் செபமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாளில் நான் தமிழில் வாய் திறக்கிற நேரம் அது ஒன்றுதான். யாரோ ஒருவர் நான் பேசி முடிக்கட்டும் என்று எனக்காகக் காத்திருக்கிற நேரமும் அது ஒன்றுதான்.

பிறகு பெரிய வானொலி வந்தது. வடக்கே தொடங்கிய ஒரு கிறிஸ்தவ வானொலி, பெருநகரம் பெருநகரமாகத் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. நாப்போலியைப் பிடித்தார்கள், கத்தானியாவைப் பிடித்தார்கள், அடுத்தது பலேர்மோ. போகிற இடத்தில் சிறிய கோவில் வானொலிகளின் அலைவரிசையை எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பாதரும் இசைந்துவிட்டார். அவருக்கு வயது போய்விட்டது, வானொலியை இழுத்து நடத்தத் தெம்பில்லை.

எங்களுக்கு அரைநாள் விடுமுறையான ஒரு வியாழக்கிழமை, அந்த வானொலியின் பொறுப்பாளர் கோவில் மண்டபத்தில் எங்களைச் சந்தித்தார். கெட்ட மனிதரல்ல. எழுந்து நின்று கைகொடுத்தார். பிறகு இத்தாலி வரைபடத்தை விரித்து, அல்ப்ஸ் மலையிலிருந்து சிசிலி வரைக்கும் இனி ஒரே குரல் கேட்கும் என்று பெருமையோடு சொன்னார்.

"ஒரே குரலெண்டா ஆரின்ரை குரல்?" என்று அக்கா எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டார். பெண்கள் சிரித்துவிட்டார்கள். பொறுப்பாளருக்கு விளங்கவில்லை. தானும் சிரித்தார்.

தமிழ் அரை மணி நேரம் இனி இல்லை என்பதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். எங்கள் நிகழ்ச்சியை ஒலிநாடாவில் கேட்டுப் பார்த்தாராம். அதில் பாதி நேரம் யாருமே பேசவில்லையாம். பெருநகரத்தில் கேட்கிறவர்கள் அவசரக்காரர்கள், ஒரு நொடி வெறுமை என்றால் முள்ளைத் திருப்பிவிடுவார்கள் என்றார். அக்கா தன் அரைகுறை இத்தாலியனில், ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, அது வெறுமை இல்லை, அங்கே இவர்கள் பேசுகிறார்கள் என்று எங்களைக் காட்டினார். நாடாவில் அப்படி எதுவும் இல்லையே சிஞ்ஞோரா, என்றார் அவர். அக்கா அதற்குத் தமிழிலேயே சொன்னார்: "உங்கடை நாடாவிலை இல்லை. எங்கடை குசினியளிலை இருக்கு." மொழிபெயர்க்கச் சொல்லி அவர் பாதரைப் பார்த்தார். பாதருக்கும் தமிழ் தெரியாது. அக்கா மொழிபெயர்க்கவில்லை.

அந்த வானொலிக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதிய நகரத்தில் தொடங்கும் நாளில், அந்த நகரத்துக் கோவிலிலிருந்து செபமாலையை நேரடியாக நாடு முழுவதற்கும் ஒலிபரப்புவார்கள். பலேர்மோவில் அது எங்கள் கோவிலிலிருந்து, ஒரு வியாழன் பின்னேரம். ஆட்கள் நிறைந்திருக்க வேண்டும் என்று பாதர் எங்களையும் கூப்பிட்டார். அவரால் எங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். முன்னின்று சொல்வது இத்தாலியர்கள், இத்தாலியனில். எங்களுக்கு ஒரு மந்திரமும் இல்லை.

போகக்கூடாது என்றார்கள் சில பெண்கள். அக்கா விடவில்லை. "முன்பாதியைத்தானே அவை தங்களுக்கு எழுதி வைச்சிருக்கினம்? வைச்சுக்கொள்ளட்டும். பின்பாதி சனத்தின்ரை. கோவிலுக்கை இருக்கிற சனம் நாங்கள். அதை ஆரும் எங்களுக்குத் தரவும் ஏலாது, பறிக்கவும் ஏலாது."

நான் மட்டும் தயங்கினேன். "அக்கா, நான் சைவம். எனக்குப் பின்பாதி மட்டுந்தான் வடிவாத் தெரியும்."

"அதுதானடி வேணும்" என்றார்.

அன்றைக்குக் கோவிலின் முன்வரிசைகளில் இத்தாலியர்கள், பின்வரிசைகளில் நாங்கள். சனத்தின் குரலுக்கென்று நடுவில் ஒரு ஒலிவாங்கி நின்றது. அக்கா என் தோளைப் பிடித்து அதற்குப் பக்கத்திலேயே இருத்தினார். "இவள் கத்தமாட்டாள், மைக்குக்கு நல்லது" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

பாதர் இத்தாலியனில் முன்பாதியைச் சொன்னார். இத்தாலியர்கள் பதில் சொன்னார்கள். அதனோடு சேர்ந்து அக்காவின் குரல் தனியாக எழும்பியது: "பரிசுத்த மரியாயே…" முன்வரிசைகளில் தலைகள் திரும்பின. அடுத்த மந்திரத்துக்கு இன்னும் சில பெண்கள் சேர்ந்தார்கள். அடுத்ததற்கு இன்னும் சிலர். எப்போது என் வாய் திறந்தது என்று எனக்கே தெரியாது. கிசுகிசுப்பாக அல்ல, முழுக்குரலில் சொன்னேன். அவ்வளவு காலம் பொத்தி வைத்திருந்ததாலோ என்னவோ, என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. இத்தாலியனில் அந்தப் பின்பாதி சுருக்கம். தமிழில் நீளம். ஒவ்வொரு முறையும் அவர்கள் முடித்துவிடுவார்கள், எங்களுடையது மட்டும் தொடர்ந்து போகும். முதலில் பாதர் அவசரப்பட்டு அடுத்ததைத் தொடங்கப் பார்த்தார். பிறகு நிறுத்தினார். பிறகு கண்களை மூடிக்கொண்டு, நாங்கள் முடிக்கும்வரை காத்திருந்தார். அந்த இடைவெளியில் நாடு முழுவதும் எங்கள் குரல் மட்டும் கேட்டது.

பொறுப்பாளர் ஓரமாக நின்று, கருவிகளோடு இருந்த எங்கள் பழைய பலேர்மோக்காரருக்குக் கையைத் தாழ்த்திக் காட்டினார். நடு ஒலிவாங்கியின் சத்தத்தைக் குறை என்கிறார் என்று எனக்கு விளங்கியது. எங்கள் இடைவெளிகளுக்காக அக்காவோடு அவ்வளவு சண்டை பிடித்த மனிதர், தாடையை மேலே தூக்கி நாக்கால் "ட்ச்" என்றார். சிசிலியில் அதற்கு ஒரே அர்த்தம்: மாட்டேன். அந்தக் குமிழை அவர் தொடவேயில்லை.

செபம் முடிந்ததும் அவர் அக்காவிடம் வந்தார். வானொலியில் நீ வெறுமையாக விட்ட இடத்தில் இவ்வளவு பேரும் இருந்தார்களா என்று கேட்டார். அக்கா ஓம் என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தார். பொறுப்பாளர் அன்றும் கொண்டுவந்திருந்த வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இதை நான் மறைக்கவில்லை. நாப்போலியிலிருந்தும் ஜெனோவாவிலிருந்தும் தமிழர்கள் தொலைபேசி எடுத்து, தமிழ் கேட்டதே, திரும்ப எப்போது என்று கேட்டார்களாம். அதற்கும் கொடுக்கவில்லை. "குடுக்காட்டி என்ன, எடுத்தாச்சு" என்றார் அக்கா. அதன் பிறகு பலேர்மோவின் எந்தக் கோவிலிலிருந்து நேரடிச் செபமாலை வந்தாலும், வியாழன் பின்னேரம் என்றால் நாங்கள் பின்வரிசையில் இருந்தோம். யாரும் அழைக்கவில்லை. யாராலும் வெளியே போகச் சொல்லவும் முடியவில்லை.

அக்கா இப்போது இங்கிலாந்தில் மகளோடு இருக்கிறார். அங்கத்தைய கோவிலில் எல்லாரும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்று தொலைபேசியில் ஏசுவார். நான் பலேர்மோவிலேயே நின்றுவிட்டேன். இப்போது இருப்பது என் சொந்தச் சமையலறை. பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் அந்த ரேடியோ. மதியம் கடந்ததும் முள்ளைச் சிவப்புப் பொட்டுக்குக் கொண்டுவருவேன். வடக்கிலிருந்து வரும் குரல்கள் முன்பாதியையும் சொல்கின்றன, பின்பாதியையும் தாங்களே சொல்லி முடித்து அடுத்ததற்கு ஓடுகின்றன. எனக்காக நிற்பதில்லை. நானும் அவர்களுக்காக விரைவதில்லை. உள்ளே படுத்திருக்க இப்போது சிஞ்ஞோரா யாரும் இல்லை. அவர்களுடைய குரலுக்கு மேலே, தமிழில், என் பாதியைக் கடைசிச் சொல் வரை சத்தமாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கையைத் துடைக்கிறேன்.