ஜெயக்கொடியோடு கரிக் கிடங்குக்கு

இந்தத் தளத்தில் நான் வழக்கமாக எழுதுவது சாப்பாட்டுக் கடையும் மலைப் பாதையும். இந்தப் பயணம் அந்த வகையல்ல. போன மாதம் விடுமுறைக்கு விளாங்குடி வீட்டுக்கு வந்ததும், ஜெயக்கொடி கேட்டதால் போய்வந்தது.

ஜெயக்கொடி, என்னோடு இந்தோனேசியாவில் வேலை பார்த்த முத்துப்பாண்டியின் மனைவி. அங்கே சுரங்கத்து நிலக்கரி ஆற்று வழியாகப் படகுகளில் வரும். ஆறு கடலில் சேருமிடத்தில் மிதக்கும் கிரேன்கள் அதை அள்ளிக் கப்பலில் கொட்டும். எனக்குக் கரையில் ஆபீஸ் வேலை. அவன் கிரேனில் ஃபிட்டர். நான்கு மாதத்துக்கு முன், நல்ல மழையில் கரி ஏற்றிக்கொண்டிருந்தபோது அவனைக் காணவில்லை. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. நாள்கணக்கில் தேடியும் உடல் கிடைக்கவில்லை. கப்பல் நிரம்பித் தூத்துக்குடிக்குப் புறப்பட்டுவிட்டது.

காலை ஏழரைக்குக் காரை எடுத்தேன். நாகமலை புதுக்கோட்டை தாண்டித் தேனி ரோட்டில் ஒரு கிளைப் பாதையில் அவர்கள் ஊர். ஜெயக்கொடி பொட்டும் பூவுமாக மெயின் ரோட்டிலேயே நின்றார். வீட்டில் இன்னும் கருமாதி செய்யவில்லை. செய்ய அவர் விடவில்லை.

திருமங்கலத்துக்குச் செக்கானூரணியில் இடதுபக்கம் திரும்பிப் போனோம். ரோடு குறுகல்தான். ஆனால் கப்பலூர் டோல் குறுக்கே வராது, வழியெல்லாம் கண்மாய்கள். பாதி தூரம் வந்ததும் ஜெயக்கொடி கேட்டார்.

"அண்ணே, அவரு தண்ணிக்குள்ள விழுந்தத நீங்க பாத்தீகளா?"

"இல்லத்தா. நான் கரையில இருந்தேன்."

"அப்பக் கரிக்குள்ள விழுந்திருக்கலாம்ல? அம்புட்டுக் கரியும் இங்கதான வந்து எறங்கியிருக்கு?"

அப்படி இருக்க வழியில்லை என்று போனில் பலமுறை சொல்லியிருந்தேன். கம்பெனிக்காரன் வேறென்ன சொல்வான் என்று நினைத்திருப்பார். அதனால்தான் இப்ராகிம் பாயிடம் கூட்டிப் போனேன். கோரிப்பாளையத்துக்காரர். தூத்துக்குடி துறைமுகத்தில் பல வருடம் கரி இறக்கியவர். இப்போது திருமங்கலத்துக்குத் தெற்கே, நாலு வழிச் சாலையை ஒட்டிக் கிடங்கு வைத்து மில்களுக்குக் கரி கொடுக்கிறார்.

கிடங்கில் கரி மலைபோல் குவிந்திருந்தது. தூசி பறக்காமலிருக்க ஒருவர் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். ஜெயக்கொடி குவியலருகே போய் ஒரு கட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பாயிடம் வந்தார்.

"பாய், இதுக்குள்ள ஆளு கெடந்தா தெரியுமா?"

பாய் என்னைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். கப்பலின் பெயரைக் கேட்டார். ஜெயக்கொடி தடுமாறாமல் சொன்னார். பாய் அங்கிருந்தே தூத்துக்குடிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். பழைய கூட்டாளி ஒருவர் எடுத்தார்.

"அந்தக் கப்பலா? நாங்கதான் எறக்குனோம் பாய். ஏன், சரக்குல எதும் கொறையா?"

"அதில்லப்பா. கரிக்குள்ள எதும் வந்துச்சா? ஆளு, கீளு?"

"இல்ல பாய். கம்பித் துண்டும் கட்டையும்தான். கடைசியில நாங்கதான் உள்ள எறங்கிக் கூட்டி அள்ளுனோம். மூல முடுக்கெல்லாம் பாத்தாச்சு. ஆளு இல்ல."

பாய் போனை வைத்தார். "கேட்டியாம்மா? அவரு இங்க வரல. அல்லா மேல ஆணையாச் சொல்றேன்."

"அப்பத் தண்ணிக்குள்ளதான்" என்றார் ஜெயக்கொடி. அழவில்லை. கரி ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஒரு கண்மாய்க் கரையில் நிறுத்தச் சொன்னார். "நான் தலை முழுகிட்டு வாரேண்ணே." நான் ரோட்டைப் பார்த்து நின்றேன். முதலில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரலெடுத்து அழுத சத்தம். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்து, யார் எவரென்று கேட்காமலே அவரைப் பிடித்துக்கொண்டார்.

ஈரச் சேலையோடு காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் முத்துப்பாண்டியின் அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நாள் குறித்து, மறுவாரம் கருமாதி முடிந்தது.

இந்தப் பக்கம் போகிறவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். செக்கானூரணி தாண்டினால் நிழலில்லை. கப்பலுக்கோ சுரங்கத்துக்கோ வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. எந்த ஆறு, எந்தத் துறைமுகம், அங்கே உங்களுக்கு என்ன வேலை என்பதை வீட்டில் விவரமாகச் சொல்லிவிட்டுப் போங்கள். முத்துப்பாண்டி 'கம்பெனி வேலை' என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். மீதியை ஜெயக்கொடி அவன் காணாமல் போன பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் நான் மறுபடி அதே வேலைக்குப் போகிறேன். சொல்லிக்கொள்ளப் போனபோது, ஜெயக்கொடி ஒரு சின்னப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். பிரிக்காமலே தெரிந்தது, எள்.

"அந்தத் தண்ணியில போட்டுருங்கண்ணே. பிள்ளைக நல்லாப் படிக்குதுகன்னு சொல்லிட்டுப் போடுங்க."