மாமா காப்பாற்றிய மானம்

என் மாமாவுக்கு மானம் கொஞ்சம் அதிகம். அதைத் தன்னோடு வைத்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணிக்கும் பங்கு வைத்தார். அவர்தான் பயிற்சியாளர், என் அக்கா கோல்காப்பாளர். விடத்தல்தீவிலிருந்து உழவு மெசின் இழுக்கும் பெட்டியில் ஏறி அடம்பனுக்கு இறுதி ஆட்டத்துக்குப் போனபோது நான் ஐந்தாம் வகுப்பு. கத்துவதற்காகவே என்னையும் கூட்டிப்போயிருந்தார்கள்.

அக்கா அன்று விழுந்து விழுந்து மறித்தாள். முழங்கை இரண்டும் உரிந்துவிட்டன. முடியப்போகிற நேரத்தில் ஒரு தண்ட உதை. அது ஒன்றுதான் உள்ளே போனது. தோற்றுவிட்டோம்.

மாமா நடுவரை ஏசினார், உட்கார்ந்திருந்த கதிரையை உதைத்தார், பரிசளிப்புக்கு நிற்காமல் எல்லோரையும் பெட்டியில் ஏற்றினார். மெசின் புறப்படுகிற நேரம் ஒலிபெருக்கியில் அக்காவின் பெயர் கேட்டது. சிறந்த கோல்காப்பாளர் அவளாம். எதிரணிப் பிள்ளைகள் கைதட்டத் தொடங்கினார்கள்.

"மாமா, ஒருக்கா போயிட்டு ஓடி வாறன்" என்றாள் அக்கா.

"கோல் விட்டவளுக்குக் கப்பாம். நக்கல் அடிக்கிறாளவை, விளங்கேல்லையோ? எல்லாரும் தோத்து நிக்கேக்க நீ மட்டும் போய்ப் பல்லைக் காட்டப்போறியோ? இறங்கினா அங்கயே நில்."

அக்கா இறங்கவில்லை.

இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வளர்ந்த மனிதர், தன் தோல்வியைத் தாங்கமாட்டாமல் அதைப் பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டினார். அதற்கு மானம் என்று பெயரும் வைத்தார். பந்தை எப்படி மறிப்பதென்று பழக்கியவருக்கு, தோற்ற பிறகு மைதானத்தில் எப்படி நிற்பதென்று தெரியவில்லை. அக்கா அதற்குப் பிறகு விளையாடவேயில்லை. ஏனென்று அவர் ஒருநாளும் கேட்டதுமில்லை.

அன்றைக்கோ என் கோபமெல்லாம் எதிரணி மேல்தான். மெசின் வீதிக்கு ஏறியதும் அவர்களுடைய கோல்காப்பாளர் கையில் ஒரு கிண்ணத்தோடு எங்களுக்குப் பின்னால் ஓடிவந்தாள். "அக்கா, நில்லுங்கோ" என்று கூப்பிட்டாள். மாமா நிறுத்த விடவில்லை. அக்கா முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வென்றது போதாதென்று தங்கள் கிண்ணத்தைக் காட்ட ஓடிவருகிறாள் என்று நினைத்து, தொண்டை கிழிய அவளை ஏசினேன். அவள் புழுதிக்குள் நின்றுவிட்டாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் எங்கள் பக்கம் நீட்டியபடியே நின்றாள். அது அக்காவின் கிண்ணம் என்பதும், அவர்கள் தட்டியது உண்மையான கைதட்டல் என்பதும் எனக்கு அப்போது விளங்கவில்லை.