சாப்பாட்டு மேசையில் நான் சிரித்த சிரிப்பு

கடலடிச் சேற்றில் வாழும் புழுக்களை ஆராய்வது என் வேலை. அழுகிய முட்டைபோல் நாறும் அந்தச் சேற்றை வெறுங்கையால் பிசைந்திருக்கிறேன். ஒருநாளும் குமட்டியதில்லை. என்னைக் குமட்ட வைத்தது என் சிரிப்புதான்.

நான் ஸ்ரீவைகுண்டத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. நாலு பேர் கூடினால் வாய் திறக்கமாட்டேன். தூத்துக்குடியில் ஒரு கடலாய்வு நிலையத்தில் வேலை கிடைத்ததும் மில்லர்புரத்தில் வீடு எடுத்துத் தங்கினேன். சேறு எடுக்க நாங்கள் அமர்த்தும் வள்ளத்தில் அவன் வருவான். சங்கு குளிப்பவன். கரையில் இரண்டு நாள் இருந்தால் கிறுக்குப் பிடித்துவிடும் அவனுக்கு. முதல் மாதம் முழுக்க நான் அவனிடம் பேசியது "இங்கே நிறுத்துங்க", "போகலாம்" இவ்வளவுதான். ஒருநாள் முங்கி எழுந்தவன், உள்ளங்கையில் நெளியும் சிவப்புப் புழுவை நீட்டி, "சார், இதுதான உங்க ஆளு?" என்றான். அன்று கரை வரும்வரை நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

"இம்புட்டுப் பேச்சையும் எங்கன வச்சிருந்தீங்க?" என்று சிரித்தான்.

வருடம் முடிவதற்குள் 'சார்' போய் 'ஏலே' வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் மீனோடு வருவான். குழம்பு வைப்பான். சாப்பிட்டபின் என் மேல் கையைப் போட்டபடி தூங்கிவிடுவான். வீட்டுக்காரரிடம், வேலை விஷயமாக வருகிறார் என்று சொல்லிவைத்திருந்தேன்.

ஒரு மதியம், நிலையத்துச் சாப்பாட்டு மேசையில் மூத்த விஞ்ஞானி ஒருவர் தன் செல்போனை எல்லோரிடமும் காட்டினார். கடற்கரைப் பூங்காவில் கைகோத்து உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்களை யாரோ ஒளிந்து படம் பிடித்திருந்தார்கள். "ச்சீ, சோறு இறங்குமா? வாந்தி வருது" என்றார். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரையும்விட ஒரு நொடி கூடுதலாக.

நிமிர்ந்தால், வாசலில் அவன். கையில் எங்கள் ஐஸ் பெட்டி.

"சாம்பிள வச்சிருக்கேன், சார்" என்று பெட்டியை வாசலில் இறக்கிவைத்து, என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஞாயிறு அவன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. பல் தேய்க்கும்போது கண்ணாடியில் என் வாயைப் பார்ப்பேன், துப்பவேண்டும் போலிருக்கும். மூன்றாம் வாரம், கழிவுநீர் கலக்கும் இடத்தில் சேறு எடுக்கக் கடலுக்குப் போனோம். அலை தூக்கிப் போட்டதில் வாந்தி எடுத்தேன். என் நெற்றியைப் பிடித்துக்கொண்டவன் அவன்தான். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் தந்தான்.

"என்னய மன்னிச்சிரு" என்றேன்.

"அந்த ஆளு பேசினதுக்கு எனக்கு ஒண்ணுமில்லலே. அவனுக்கு என்னயத் தெரியாது. ஒனக்குத் தெரியும்லா?"



மறுநாள் அதே மேசை. அதே ஆள், வேறொரு படம். நான் எழுந்தேன். "நானும் அப்படித்தான் சார். எனக்கும் ஒருத்தர் இருக்காரு" என்றேன். அவர் தன் டிபன் பாக்ஸை என் பக்கத்திலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டார். நான் குடித்த டம்ளரை அன்று முதல் யாரும் தொடவில்லை. படித்த மனிதர்கள்! அந்த மேசையில் நான் தின்ற ஒவ்வொரு பருக்கையையும் துப்பவேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் வள்ளம் அடையும் இடத்துக்குப் போய் அவனிடம் சொன்னேன்.

"அழுதியா?"

"இல்ல."

"இப்ப அழுதியே" என்று தன் துண்டைத் தந்தான். மீன் நாற்றம்.

செய்தி வீட்டுக்காரர் காதுக்கும் போனது. "குடும்பம் இருக்கிற இடம் தம்பி" என்று காலி செய்யச் சொன்னார். இப்போது துறைமுகம் பக்கம் சேர்ந்து இருக்கிறோம். வாசலில் மூடாத சாக்கடை. காலையில் நான் நிலையத்துக்கும் அவன் கடலுக்கும் கிளம்பும்போது, இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒன்றாகத் தாண்டுகிறோம்.