நாத்தனார் முடிச்சை யார் போடுவது?

போன முகூர்த்தத்தில் மேலகரத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை என் பக்கத்து வீட்டுத் தம்பி. தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டும் அவருடைய அக்கா போட வேண்டும். நாத்தனார் முடிச்சு.

அக்கா இருக்கிறாள். மகேஸ். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி மொத்த வியாபாரம். தம்பிக்குப் பெண் பார்த்ததே அவள்தான். ஆனால்... பிறந்தபோது அவளுக்கு வீட்டில் வைத்தது ஆண் பெயர். இப்போது தன்னைத் திருநங்கை என்பாள்.

அந்தப் பெயருக்கும் தகராறு! திருநங்கைகள் குடும்பமாகச் சேர்ந்து வாழும் ஜமாத்தில், மூத்தவரான பெரியம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "இங்கன ஒரு அம்மாவுக்கு மகளாத் தத்துப் போற சடங்கும் ஆபரேஷனும் முடியட்டும். அதுக்குப் பொறவு அப்படிச் சொல்லிக்க."

சென்னையில், பாலின உரிமை பேசும் இளைஞர்கள் நடத்திய ஒரு கூட்டத்துக்குப் போனாள். "உங்க மனசு சொன்னா போதும்க்கா. நீங்க ட்ரான்ஸ் வுமன், க்வியர்" என்று பேட்ஜ் குத்தி அனுப்பினார்கள்.

"நல்ல பிள்ளைங்கதான் எக்கா. ஆனா அதை இங்கன யார்ட்டப் போய்ச் சொல்ல?" என்றாள் என்னிடம்.

பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள், வலியைத் தாங்கி வாங்கிய பெயர் அது. சும்மா தூக்கிக் கொடுப்பார்களா? சென்னைப் பிள்ளைகள் சொல்வதும் நியாயம்தான். ஆளாளுக்கு ஒரு விளக்கம் — நடுவில் மகேஸ் தனியாக நிற்கிறாளே, அதுதான் பொறுக்கவில்லை.

மண்டபத்தில் தாய்மாமா மூன்றாவது விளக்கம் கொடுத்தார்: "ஏலே, பொம்பள போடுத முடிச்சு இது. சித்தப்பா மவ போடட்டும்!"

பட்டுப்புடவையோடு மகேஸ் பந்திப் பக்கம் ஒதுங்கிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாம்பார் வாளியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

கெட்டிமேளம். தம்பி முதல் முடிச்சைப் போட்டார். சித்தப்பா மகள் கையை நீட்டினாள். தம்பி கயிற்றை விடவில்லை. தலை குனிந்திருந்த கல்யாணப்பெண் நிமிராமலே சத்தம் போட்டாள்:

"மதினி எங்க? கழுத்து வலிக்குது, சீக்கிரம் வந்து முடிச்சைப் போடுங்க!"

தாய்மாமா ஏதோ சொன்னார். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மகேஸ் ஓடி வந்தாள். அழுதுகொண்டே ஒரு முடிச்சு, இரண்டாவது முடிச்சு... நிறுத்தினால்தானே? மூன்றாவதும் போட்டாள், நான்காவதும் போட்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

"போதும் மதினி," என்றாள் பெண். "நான் எங்கயும் ஓடிப் போவ மாட்டேன்!"