முந்தானைக்குள் ஒரு பேச்சு

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி கிளம்பாமல் உறுமிக்கொண்டே நின்றது. பக்கத்து சீட்டுப் பெண் ஒரு நிலையில் இல்லை. மடியில் இருந்த நாலு வயது மகளிடம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார். பேசும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "எப்பண்ணே வண்டிய எடுப்பாங்க?" என்று என்னிடம் கேட்டபோதும் அப்படித்தான். எனக்கு எரிச்சலாக வந்தது.

"பல்லு வலியாம்மா?"

"இல்லண்ணே, பழகிப்போச்சு." முந்தானையை இறக்கிவிட்டு மகளின் முடியை விலக்கிக் காட்டினார். காதுக்குப் பின்னால் ஒரு கருவி. அதன் வயர் நுனியில் வட்டமான வில்லை ஒன்று தலையோடு ஒட்டியிருந்தது.

"பொறந்ததுலருந்து காது கேக்காதுண்ணே. ஆப்ரேசன் பண்ணி உள்ள மிசின் வச்சிருக்காங்க. ஆனா என் வாயப் பாத்தே எல்லாம் புரிஞ்சுக்கிறா. காதால கேட்டுப் பழகணும்ல? அதான் வாய மறைச்சுப் பேசச் சொன்னாங்க. இம்புட்டு மாசமாச்சு, ஒரு வார்த்தை வரல."

சொல்லும்போதே அவர் விரல் அந்த வில்லையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

வண்டி திடீரென்று குலுங்கிக் கிளம்பியது. பயந்துபோன பிள்ளை தாயைத் திரும்பிப் பார்த்தது. தன் சின்னக் கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு, "ம்மா" என்றது. பேசுவது என்றால் இப்படித்தான் என்று நினைத்துவிட்டது போலும்.

தாய் பதில் சொல்ல வாயைத் திறந்தார். முந்தானை தோளிலேயே கிடந்தது. இத்தனை வருடம் கழித்தும் என் நினைவில் அவர் அப்படியே, திறந்த வாயோடு, வார்த்தை வராமல் உட்கார்ந்திருக்கிறார்.